ஒரு லட்சத்து எட்டும் என் மீசையும்

5-1-1970, திங்கள்

பட்டு நூல் கடையில் கொடுத்த டைரி. தேவகி இதில் பால் கணக்கு எழுதச் சொன்னாள். ஒன்பதாவதில் கணக்கில் கோட்டை விட்டுத் தறிக்குழியில் இறங்கியவன் கையில் எந்தக் கணக்கையும் கொடுக்கக் கூடாது என்று கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவளுக்கு இன்னும் புரியவில்லை.

காலையில் நல்ல பனி. பாவு நூல் சரியாகக் காயவில்லை. இழை அறுந்துகொண்டே இருந்தது. முடிச்சுப் போட்டுப் போட்டு விரல் வீங்கியதுதான் மிச்சம்.

சாயங்காலம் மச்சான் தணிகாசலம் வந்தார். தேவகியின் அண்ணன். நாலு தறிக்கு முதலாளி, பொன்னியம்மன் கோயில் விழாக் குழுவுக்குத் தலைவர். கஞ்சி போட்ட வேட்டி மடங்கிவிடும் என்று எங்கள் வீட்டில் உட்காரவே மாட்டார். இன்றைக்கு உட்கார்ந்தார். அவர் மகன் ராஜகோபாலுக்கும் எங்கள் கலாவதிக்கும் பங்குனியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாமாம். மாமன் மகன், முறைதானே என்கிறார்.

கலாவதிக்கு மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. அப்புறம் சென்னையில் பெண்கள் கல்லூரி, விடுதி, பி.யு.சி.யில் கணக்கு. தீபாவளியிலிருந்து இதே பேச்சுதான். இவ்வளவும் தெரிந்த நான் மச்சானிடம் என்ன சொன்னேன்? காப்பி ஆறுகிறது, குடியுங்கள் என்று சொன்னேன்.

6-1-1970

"மாமாவுக்கு இன்னா நைனா பதில் சொன்னே?" என்று கலாவதி கேட்டாள். காப்பி நன்றாக இருந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார் என்றேன். முறைத்தாள். அம்மாவின் முறைப்பு. படித்து வந்ததில்லை, பிறப்பிலேயே வந்தது.

11-1-1970, ஞாயிறு

கோயில் மண்டபத்தில் குழுக் கூட்டம். தை கடைசி வெள்ளிக்கு இந்த வருஷம் 1,00,008 அகல் விளக்கு. எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கும் செல்லியம்மாளின் வேண்டுதல். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் லட்சத்து எட்டு விளக்கு ஏற்றுகிறேன் என்று அம்மனிடம் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாராம். முடிந்தது. அன்றிலிருந்து அந்த அம்மாளுக்கு எல்லாம் தெரிகிறது. எதிர்வீட்டு மருமகள் என்ன குழம்பு வைக்கிறாள் என்பதுகூடத் தெரிகிறது.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். விளக்கு எத்தனை ஆனாலும் தெருவுக்குத் தெரு ஒரே எண்ணிக்கை. பக்கத்துத் தெருவைவிட ஒரு விளக்கு குறைந்தால் அந்தத் தெருக்காரன் வருஷம் முழுக்கத் தலை நிமிர மாட்டான். ஆறு வருஷத்துக்கு முன் 1008 விளக்கு வைத்தார்கள். ஏழு தெரு, தெருவுக்கு 144, மிச்சமில்லை. வகுத்துச் சொன்னவன் நான். அந்த ஒரு வகுத்தலை வைத்து இன்னும் ஊரில் கணக்குப் புலியாக உலாவுகிறேன்.

ஆகவே இன்றும் என்னையே கேட்டார்கள், ஏழால் போகுமா என்று. காகிதமே வேண்டாம் என்றேன். 1008-க்கு நடுவில் இரண்டு பூஜ்யம் சேர்த்தால் 1,00,008. 1008 போயிற்று, இதுவும் போகும். பூஜ்யத்துக்கு ஏது கனம்? அதோடு நிறுத்தியிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் படித்ததில் மிஞ்சியிருந்த ஒரே வித்தையையும் எடுத்து விட்டேன். 108, 1008, 10,008, 1,00,008, எதை எடுத்து இலக்கங்களைக் கூட்டினாலும் ஒன்பது வரும். ஒன்பது வந்தால் ஒன்பதால் போகும். ஒன்பதால் போகிற எண் கேவலம் ஏழால் போகாதா? எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுகிற ஜனங்களைப் பார்த்தால் எனக்கு நாக்கு நீண்டுவிடும்.

மச்சான் மட்டும் ஆட்டவில்லை. "நீ எதுக்குமே நேரா பதில் சொல்றவன் இல்ல மாப்ளே. பொண்ணு விஷயத்துல காப்பியைக் காட்டினே. இதுலயாவது ஒரு சொல்லுல நில்லுப்பா" என்றார், அத்தனை பேர் முன்னால்.

எனக்கு ரோஷம் எப்போதாவதுதான் வரும். வந்தால் தப்பான நாளில் வரும்.

"நம்ம தெருவுங்களுக்கெல்லாம் சமமா பிரிஞ்சு மிச்சம் நிக்காம போச்சுன்னா கலாவதி காலேஜுக்குப் போறா. நீங்களே பொட்டியைத் தூக்கிக்கினு போயி வுட்டுட்டு வரணும். மிச்சம் நின்னா பங்குனியில நிச்சயம். கூடவே இந்த மீசையும் போயிடும்."

மச்சான் சிரித்தார். சரி என்றார். விளக்கு ஏற்றுகிற அன்றைக்குக் கணக்கு முடியட்டும் என்று நாளும் குறித்தார்.

மைக் செட் வைக்க ஏரிக்கரைத் தெருவிலிருந்து வந்திருந்த ராஜவேலு, ஒலிபெருக்கி பேசுகிறதா என்று பார்க்க மைக்கைத் திறந்து வைத்திருந்தானாம். நான் சொன்னது ஒரு சொல் விடாமல் ஊருக்கே கேட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே தேவகி நின்றாள். உள்ளே கலாவதி சாக்பீசால் சிமெண்டுத் தரையில் வகுத்து முடித்திருந்தாள்.

ஈவு 14,286. மிச்சம் 6.

12-1-1970

கலாவதி பேசவில்லை. தேவகி பேசினாள். கலாவதி பேசாததே மேல் என்று தோன்றியது.

14-1-1970, பொங்கல்

பொங்கல் பொங்கியது. நான் மட்டும் பொங்கவில்லை. சாப்பிடும்போது கலாவதி வாயைத் திறந்தாள்.

"நீ நடுவுல சேத்தது ரெண்டு பூஜ்யம் இல்ல நைனா. தொண்ணூத்தொம்பதாயிரம். ஆயிரத்து எட்டோட தொண்ணூத்தொம்பதாயிரத்தைச் சேத்தாதான் லட்சத்து எட்டு. அந்தத் தொண்ணூத்தொம்பதாயிரம் ஏழுல போவாது. அதுல நிக்கிற ஆறுதான் இது."

பூஜ்யத்துக்குள் இத்தனை பேர் ஒளிந்திருப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அதைச் சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"மீசையை வெச்சே, சரி. அது உன்து. என்னை எதுக்கு வெச்சே? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வகுத்துப் பாத்திருக்கலாம் இல்ல?"

இதற்கும் காப்பி ஆறுகிறது என்று சொல்ல முடியுமா?

18-1-1970, ஞாயிறு

மச்சான் வேறு ஆளை வைத்து வகுத்துவிட்டார். கூட்டத்தில் மிச்சம் ஆறு என்று அறிவித்துவிட்டு என் மீசையைத்தான் பார்த்தார், முகத்தை அல்ல.

அப்புறம் நடந்த கூத்து தனி. ஆறு தெருவுக்கு ஆளுக்கொன்று கூடக் கொடுக்கலாம். ஒரு தெருவுக்குக் கிடையாது. அந்த ஒரு தெரு எது? எந்தத் தெருவும் வாய் திறக்கவில்லை. ஆறு அகலை உடைத்துவிடலாம் என்றார் ஒருவர். அம்மன் சொத்தை உடைக்கிறாயா என்று இன்னொருவர் துண்டை உதறினார். நான் தறிக்காரன் புத்தியில் ஒரு யோசனை சொன்னேன்: பாவில் கட்டத்துக்குப் பிரிந்தது போக மிச்ச இழை நின்றால் இந்த ஓரம் பாதி, அந்த ஓரம் பாதி சேர்த்து நெய்கிறோம், அதுபோல கோயில் வாசலில் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று வைத்துவிடலாம். எல்லாருக்கும் பிடித்தது. மச்சான் மட்டும், "ஓரத்துல நின்னாலும் மிச்சம் மிச்சம்தான் மாப்ளே" என்றார். தலைவர் சொன்னதும் அந்த யோசனையும் போயிற்று. நெசவு தெரிந்தவரிடம் நெசவைக் காட்டியது என் தப்பு.

யாரோ ஒரு விளக்கு கூட வாங்கி 1,00,009 ஆக்கினால் ஏழால் சரியாகப் போகும் என்றார்கள். போகிறது, உண்மைதான். தெருவுக்கு 14,287. மச்சான் முகம் மலர்ந்தது. விழா நடக்கும், லட்சத்து எட்டு ஏழால் போகும் என்ற என் வாக்கும் தோற்கும். செல்லியம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நான் வேண்டிக்கினது எட்டுபா. ஒம்பதுன்னு ஆத்தாகிட்ட யாரு போயி சொல்றது? நீ சொல்றியா?" என்றார். யாரும் போவதாக இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்குள் வழி சொல்லாவிட்டால் விழாவையே தள்ளிப் போட வேண்டும் என்று கலைந்தார்கள்.

20-1-1970

கலாவதியிடம் சரணடைந்தேன். அந்த எண்ணுக்கு என்னதான் பிடிக்கும் என்று பார்த்துச் சொல்லம்மா என்றேன். பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்றாள். அப்புறம் அவளே சாக்பீசை எடுத்தாள். கணக்கைப் பார்த்தால் அவளால் சும்மா இருக்க முடியாது, தேவகிக்குச் சீட்டித் துணி கண்ணில் பட்ட மாதிரி.

தரை நிறைந்தது. இரண்டை மூன்று தடவை, மூன்றை மூன்று தடவை, கடைசியில் 463. இவற்றைப் பெருக்கினால் லட்சத்து எட்டு. மொத்தம் முப்பத்திரண்டு எண்களால் மிச்சமில்லாமல் போகிறதாம். வாயில் பல் எத்தனையோ அத்தனை. ஐந்தால் போகாது, ஏழால் போகாது, பதினொன்றால் போகாது, பதிமூன்றால் போகாது. அந்த 463 மட்டும் தன்னையும் ஒன்றையும் தவிர வேறு யாருக்கும் வழிவிடாத எண். "மாமா மாதிரி" என்றாள். பத்து நாளில் முதல் சிரிப்பு. நானும் சிரித்தேன், தேவகி அடுப்படியில் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்ட பிறகு.

"ஆறால போவுது. எட்டால போவுது. ஒம்பதால போவுது. உங்க ஏழுதான் நைனா நடுவுல மாட்டிக்கினு இருக்குது."

ஒரு தெருவைக் குறைக்க முடியாது, வெட்டுக்குத்து ஆகிவிடும். எட்டு இருந்தால் 12,501. எட்டாவது தெருவுக்கு எங்கே போவது?

21-1-1970

பாவு வாங்க நடந்து போகும்போது தெருக்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனேன். ஏழு. திரும்பி வரும்போதும் ஏழு. வேப்பமரத்து முனையில் செருப்பு அறுந்தது. தைக்க ஏரிக்கரைத் தெருவுக்குள் போனேன். கையில் செருப்போடு நடுத்தெருவில் நின்றபோதுதான் உறைத்தது, நான் நின்றிருப்பது ஒரு தெரு.

இந்தத் தெருக்காரர்கள்தான் ஒவ்வொரு விழாவுக்கும் எண்ணெய் டின் தூக்குகிறார்கள், பந்தல் போடுகிறார்கள், மைக் கட்டுகிறார்கள். அம்மன் பல்லக்கு வேப்பமரத்து முனை வரைக்கும் வந்து திரும்பிவிடும். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். எண்ண வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அதற்கு ஏழால் வகுத்து ஆறு நிற்க வேண்டியிருந்தது.

ராஜவேலுவின் வீட்டுக்குப் போனேன். வாலாஜாபாத் அரிசி மில்லில் பிட்டர் வேலை, மைக் செட் சாயங்கால வியாபாரம். உட்காரச் சொன்னார். நான் வந்த கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு ஆம்ப்ளிபயரைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நீங்க மைக்குல ஏழு தெருன்னு சொல்லல அண்ணே. நம்ம தெருவுங்கன்னு சொன்னீங்க. எங்க தெருவுலயும் கேட்டுது. அதுல நாம உண்டா இல்லியான்னு எங்க வூட்ல அன்னிக்கெல்லாம் ஒரே பேச்சு." திருப்புளியைக் கீழே வைத்தார். "கணக்கு இடிக்கிதுன்னாதான் எங்க ஞாபகம் வருது, இல்ல?"

ஆமாம் என்றேன். அவருக்கே ஆச்சரியம்.

ஒரு நிபந்தனை சொன்னார். மிச்சம் மீதி என்று எதுவும் வேண்டாம்; எல்லாத் தெருவுக்கும் எத்தனையோ அத்தனை. விளக்கு வைத்த தெருவுக்கு அம்மன் வருவதுதானே வழக்கம், அம்மன் உள்ளே வர வேண்டும். பாதிப் பேர் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், அவர்களும் விளக்கு வைப்பார்கள், அதில் யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது.

எதற்கோ வந்து எதிலோ மாட்டிக்கொண்டேனே என்று வரும் வழியெல்லாம் நினைத்தேன். செருப்புத் தைக்க மறந்துபோயிற்று. ஒற்றைச் செருப்போடு வீடு வந்து தேவகியிடம் திட்டு.

25-1-1970, ஞாயிறு

பேச வேண்டியதை மூன்று நாள் மனப்பாடம் செய்திருந்தேன். எழுந்து நின்றதும் முதல் இரண்டு பக்கம் மறந்துபோயிற்று. கடைசி வரி மட்டும் வந்தது: "எட்டால போவுது. ஏரிக்கரையைச் சேத்தா எட்டு. தெருவுக்குப் பன்னண்டாயிரத்து ஐந்நூத்தி ஒண்ணு. மிச்சம் இல்ல."

மச்சான்தான் கேட்டார், சத்தமே போடாமல்: "ஏரிக்கரை நம்ம தெருவா மாப்ளே?"

நல்லவேளை, எனக்கு முன்னால் செல்லியம்மாள் பேசினார்.

"ஆபரேஷனுக்கு முந்தி எனக்கும் ஏழுதாம்பா தெரிஞ்சுது. இப்போ எட்டு தெரியுது. டாக்டரைப் போயி கேளு."

அதற்கு மேல் யாரும் புண்ணியத்துக்காக ஒப்புக்கொள்ளவில்லை, எனக்குத் தெரியும். இரண்டு பேர் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார்கள். மற்றவர்களுக்கு எட்டுப் பேரில் ஒருவனாக இருப்பதில் கஷ்டம் இருந்தது. ஆனால் பக்கத்துத் தெருவைவிட ஒரு விளக்கு குறைந்தவனாக இருப்பதில் அதைவிடக் கஷ்டம் இருந்தது. கை தூக்கினார்கள்.

மச்சான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "பல்லக்கு உள்ள போனாதான் கணக்கு முடிஞ்சுது" என்றார். முன் கம்பு அவருடையது. பல்லக்கு எங்கே திரும்புகிறது என்று முடிவு செய்யும் தோள்.

1-2-1970

மாகறல் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் அகல் வருகிறது. எண்ணி அடுக்க ராஜகோபால் வந்தான். நல்ல பையன். நாள் பூராவும் பேசாமல் எண்ணினான். போகும்போது, "எனக்கும் அவசரம் ஒண்ணும் இல்ல மாமா. நான் இப்படிச் சொன்னேன்னு எங்க நைனாகிட்ட சொல்லிடாதீங்க" என்றான். இந்தக் குடும்பத்தில் நேராகப் பதில் சொல்ல முடியாதவன் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

6-2-1970, தை கடைசி வெள்ளி

ஒரு லட்சத்து எட்டையும் ஏற்றி முடிக்க இருட்டிவிட்டது. பல்லக்கு ஏழு தெருவும் சுற்றி வேப்பமரத்து முனைக்கு வந்தது. நின்றது. வழக்கமாகத் திரும்புகிற இடம். முன் கம்பில் வலப்பக்கம் மச்சான், இடப்பக்கம் ராஜகோபால். மச்சான் அசையவில்லை. மேளக்காரர் நிறுத்திவிட்டார். ஏரிக்கரைத் தெரு ஜனம் முழுக்க முனைக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, யாரும் ஒரு அடி முன்னால் வரவில்லை. கலாவதி என் பக்கத்தில். அவள் கை என் சட்டையைப் பிடித்திருந்தது, சின்ன வயதில் பஸ்ஸில் பிடிப்பதுபோல.

ராஜகோபால் தோள் திரும்பியது. அவ்வளவுதான். ஒரு கம்பு திரும்பினால் மறு கம்பு திரும்பித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் அம்மன் சாய்ந்துவிடுவாள். அம்மனைச் சாய விடுகிற ஆள் இல்லை மச்சான். திரும்பினார்.

உள்ளே போனால் கண் கூசியது. மற்ற தெருவெல்லாம் நீளம், 12,501 விளக்கும் பரவி நின்றன. இது சின்னத் தெரு. அதே 12,501. வைக்க இடமில்லாமல் கூரை ஓரம், குழாயடி, சைக்கிள் கேரியர், மாதா கெபிச் சுவர், நிறுத்தியிருந்த கட்டை வண்டி, எல்லா இடத்திலும் விளக்கு. சமமாகக் கொடுத்ததில் சின்னத் தெருதான் ஊரிலேயே பெரிய வெளிச்சம். செல்லியம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்றார்.

ராஜவேலு மைக்கில் அறிவித்தார்: "நம்ம தெருவுங்களுக்கெல்லாம் சமமா பிரிஞ்சுது. மிச்சம் ஒண்ணும் நிக்கல." என் குரலிலேயே பேசிக் காட்டினார். ஜனம் சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரித்ததில் எனக்கு முதல் தடவை வருத்தம் இல்லை.

7-2-1970

மச்சான் வந்தார். உட்காரவில்லை. அடுத்த வருஷம் தெருக்கணக்கு வேண்டாம், வீட்டுக்கணக்காகப் பிரிக்கலாம், அந்தச் சின்னத் தெரு எரிந்த எரிப்பு நியாயமில்லை என்றார். எட்டுத் தெருவுக்குமா என்றேன். "பின்ன?" என்றார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. காப்பி குடிக்காமல் போனார்.

10-6-1970

கலாவதி பாஸ். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அந்த நாலு எங்கே போயிற்று என்று கேட்டேன். துரத்தினாள்.

6-7-1970, திங்கள்

சென்னைக்குக் காலை பஸ். மச்சான் சொன்ன சொல் தவறாமல் வந்தார். தகரப் பெட்டி பஸ் மேலே போனால் நசுங்கும் என்று மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். கஞ்சி போட்ட வேட்டி அதிலேயே மடங்கிப்போயிற்று. தேவகி அழுதாள். அண்ணன் போகிறார் என்றா, மகள் போகிறாள் என்றா தெரியவில்லை.

மச்சான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. "ஏம்பா மாப்ளே, ஜெயிச்சவன் நீதானே? மீசை எங்க?"

நேற்று சாயங்காலம் எடுத்தேன். பொங்கலன்று கலாவதி கேட்டதற்கு என்னால் முடிந்த பதில். யாரிடமும் சொல்லவில்லை. கலாவதி இன்று காலைதான் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். என் தட்டில் ஒரு இட்லி கூட வைத்தாள்.

நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்: "அது எங்க ரெண்டு பேர் கணக்கு மாமா."

பஸ் போய்விட்டது. வீட்டுக்கு ஏரிக்கரைத் தெரு வழியாக நடந்தேன். அறுந்த செருப்பு இன்னும் தைக்கவில்லை. மேல் உதட்டில் காற்று படுகிறது. பழகிவிடும் போலிருக்கிறது.